0.003-ஐ நம்பலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் பேஜிங் தாமதத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

மெயின்ஃப்ரேமின் இயக்க முறைமையான எம்விஎஸ் நினைவகத்தை 4096 பைட் கொண்ட பேஜ்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. இடம் நெருக்கடியானால், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பேஜ்கள் டிஸ்க்குக்குப் போய்விடும். அப்புறம் ஏதோ ஒரு நிரல் அதைத் தேடினால் பேஜ் ஃபால்ட். பேஜ் திரும்பி வரும்வரை நிரல் நின்றே ஆக வேண்டும். 1989-இல் வந்த 3390 டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 14 மில்லிசெகண்டுக்குச் சற்று மேலே ஆகும், ஆகவே வேண்டிய இடம் ஹெட்டுக்கு அடியில் வரவே சராசரி 7, ஹெட் நகரும் நேரம் தனி.

இப்போது, கணினி எப்படி ஓடியது என்று அளந்து சொல்லும் ஆர்எம்எஃப் அறிக்கையைப் பிரியுங்கள். டிஸ்க்குக்குப் போன பேஜ்கள் இருக்கும் கோப்புதான் பேஜ் டேட்டாசெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதில் 'பேஜ் டிரான்ஸ் டைம்', அதாவது ஒரு பேஜ் போய்வர ஆகும் நேரம், 0.003 வினாடி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றே மில்லிசெகண்டா, பரவாயில்லையே என்று பலர் அங்கேயே மூடிவிடுவார்கள். எனக்கு அந்த எண் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. டேட்டாசெட் வேலையாக இருந்த நேரத்தை, போய்வந்த பேஜ்களின் எண்ணிக்கையால் வகுத்தது அது, அவ்வளவுதான். 15 நிமிடத்தில் 2 சதவீத நேரம் வேலையாக இருந்தது என்றால் 18 வினாடி, அதில் 6000 பேஜ். சரி, 3 மில்லிசெகண்ட் வந்துவிட்டது. அதே வரியில் ஐஓ கோரிக்கைகள், அதாவது டிஸ்க்கிடம் எழுது, படி என்று கேட்டவை, வெறும் 600 என்று இருந்தால்? கோரிக்கைக்கு 30 மில்லிசெகண்ட்! வெளியே போகும் பேஜ்கள் கூட்டமாக, அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் (ஒரு ஸ்லாட் என்பது ஒரு பேஜுக்கான இடம்) போகும், அதற்காக யாரும் காத்திருப்பதில்லை. உள்ளே வருவதோ பெரும்பாலும் ஒற்றைப் பேஜ், அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்பதும் அதுதான். கூட்டம் சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது, நிற்பவர் கணக்கிலேயே வருவதில்லை.

லோக்கல் டேட்டாசெட்டை, அதாவது நிரல்களின் சொந்தப் பேஜ்கள் போகும் பேஜ் டேட்டாசெட்டை, 30 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதனால்தான், அதற்கு மேல் போனால் அடுத்தடுத்த காலி ஸ்லாட்டுகள் கிடைப்பது அரிது.

டிரான்ஸாக்ஷன்களை நடத்தும் மென்பொருளான சிஐசிஎஸ் ஓடும் இடத்தில் இன்னும் மோசம். அங்கே பல டிரான்ஸாக்ஷன்கள் ஒரே டிசிபி-யில், அதாவது எம்விஎஸ் ஒரே வேலையாகப் பார்க்கும் ஒன்றில், மாறி மாறி ஓடுகின்றன, ஒருவருடைய பேஜ் ஃபால்ட்டுக்கு அதில் இருக்கும் மற்ற எல்லாரும் நிற்க வேண்டும். அங்கே வேகமான டிஸ்க் வாங்கலாமா என்று கேட்டால், அந்தக் காசுக்கு மெமரியைக் கூட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.