சோம்நாத் ஹோர்: தாளில் விழுந்த காயம்

வணக்கம் நேயர்களே. மரச்செதுக்கு, உலோகத் தகட்டு அச்சு, காகிதக் கூழ், வெண்கலம் என்று பலவற்றிலும் கைவைத்தவர் சோம்நாத் ஹோர். எடுத்துக்கொண்ட பொருள் என்னவோ ஒன்றுதான்: காயம். கையிலிருக்கும் கருவி அதற்குப் போதாதபோது அடுத்ததைத் தேடிப் போனார்.

1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943இல் வங்கப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை வரைந்தார். 1946இல் தேபாகா உழவர் போராட்டத்தை நாட்குறிப்பாகவும் கோட்டோவியமாகவும் பதிவுசெய்தார். பிறகு வந்தவை அச்சுகள். உலோகத் தகட்டு அச்சில் அமிலம் தகட்டை அரிப்பதும் ஒரு புண்தான். ஆனால் தாளுக்கு வந்து சேர்வது அதன் மை மட்டுமே. தாளே புண்பட வேண்டும் என்று நினைத்தார் போலும்.

சாந்திநிகேதனில் 1970களில் செய்த ‘காயங்கள்’ வரிசை அப்படி வந்தது. களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, ஈரம் காயுமுன் கத்தியால் கீறி, குத்தி, கிழிப்பார். அதிலிருந்து சிமெண்டில் அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக் கூழை அப்பி, நீரை வடித்துக் காயவைத்து உரிப்பார். பெரும்பாலும் மையே கிடையாது. வெள்ளையில் வெள்ளைத் தழும்பு. களிமண்ணில் பள்ளம், சிமெண்டில் மேடு, தாளில் மறுபடி பள்ளம். மரச்செதுக்குப்போல இடவலம் மாறுவதில்லை. கத்தி போன வாக்கிலேயே கீறல் கிடைக்கும்.

இதில் சிக்கல்களும் உண்டு. கூழின் கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கி, தாள் முறுக்கிக்கொள்ளும். அவசரப்பட்டு உரித்தால் கீறலின் ஓரம் பிய்ந்துவிடும். கீறல் பக்கவாட்டில் குடைந்து போயிருந்தால் சிமெண்ட் தாளைக் கவ்விக்கொண்டு விடாது. காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். நேர் எதிரே விளக்குப் போட்டால் வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும்.

வெண்கலத்திலும் அதே கைதான். மெழுகைத் தகடாக்கி, வெட்டி, மடித்து, சூடுகாட்டி ஒட்டுவார். அதன்மேல் வார்ப்பு உறை போட்டுச் சுட்டால் மெழுகு உருகி ஓடும். அந்த இடத்தில் உலோகம் பாயும். தகடு மிக மெலிந்தால் வெண்கலம் பாதி வழியிலேயே உறைந்து ஓட்டை விழும். கிழிசலையும் ஒட்டுத் தழும்பையும் அவர் ராவி மறைக்கவில்லை. அதுவே அந்தச் சிற்பங்களின் பலம்.

வியட்நாம் மக்களின் போராட்டத்துக்குக் காணிக்கையாக அவர் செய்த பெரிய ‘தாயும் சேயும்’ வெண்கலச் சிலை 1977இல் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்திலிருந்து திருடுபோனது. இம்முறையில் மெழுகு உருகிப் போய்விடும். உறையையும் உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். மறுபடி வார்க்க எதுவும் மிஞ்சாது.