கனவுக்குப் பின் வரும் காலை

மதுரை வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். கனவுக்கும், நாம் அறியாமலே நமக்குள் இயங்கும் ஆழ்மனத்துக்கும், கலை, கவிதை, அறிவியல் ஆகிய படைப்புகளுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நாம் வாழும் இந்த நகரமே ஒரு கனவிலிருந்து எழுந்தது என்கிறது திருவிளையாடற் புராணம். தனஞ்சயன் என்ற வணிகன் கடம்ப வனத்தில் ஓர் இரவு தங்க நேர்கிறது. அங்கே தேவர்கள் சிவலிங்கத்தைப் பூசிப்பதைக் கண்டு, மறுநாள் மணவூருக்கு வந்து குலசேகர பாண்டியனிடம் அதைச் சொல்கிறான். அன்றிரவு சிவபெருமான் சித்தர் வடிவில் மன்னனின் கனவில் தோன்றி, அந்தக் காட்டைத் திருத்தி நகரமாக்கும்படி பணிக்கிறார். விழித்த மன்னன் அமைச்சரோடு கலந்து பேசி, வனத்துக்குப் போய், காட்டைத் திருத்தும் வேலையைத் தொடங்கிவிடுகிறான். புராணத்தைப் புராணமாகவே எடுத்துக்கொள்வோம். ஆனாலும் அதைச் சொன்னவர்கள் கதையை அடுக்கியிருக்கும் முறை என்னை வியக்க வைக்கிறது. பகலில் ஒரு செய்தி காதில் விழுகிறது, இரவில் அதுவே கட்டளையாக உருமாறி வருகிறது, காலையில் கைகள் வேலையில் இறங்குகின்றன. இந்த மூன்றில் எது குறைந்தாலும் நகரம் இல்லை.

இதே அமைப்பு இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. திருமலை நாயக்கர் நோயுற்றிருந்தபோது மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் தோன்றியதாகவும், அதன் பிறகே அவர் திருச்சிராப்பள்ளியிலிருந்து தலைநகரை மதுரைக்கு மாற்றியதாகவும் சொல்வார்கள். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றும்படி அன்னையே நாயக்கரின் கனவில் பணித்ததாகவும் ஒரு வரலாறு வழங்குகிறது. நம் கிராமங்களில் கோயில் எப்படித் தோன்றியது என்று பெரியவர்களைக் கேட்டால், “சாமி கனவில் வந்து சொல்லுச்சு” என்று தொடங்காத கதை அரிது. இங்கே கனவு கண்டவருக்கு மட்டும் சொந்தமான ஒரு காட்சியாக இருப்பதில்லை. அவர் மேல் சுமத்தப்பட்ட கடமையாக இருக்கிறது. கண்டதைச் செய்து முடிக்காதவருக்கு நிம்மதி கிடையாது. கனவு வெளியிலிருந்து, தெய்வத்திடமிருந்து வருகிறது என்பது நம் மரபு. உள்ளிருந்து, நனவிலி மனத்திலிருந்து எழுகிறது என்பது உளவியல். இவ்விரண்டுக்கும் இடையே நடுவராக நிற்க நான் இங்கே வரவில்லை. கனவு எங்கிருந்து வந்தாலும், அதற்கு முந்தைய பகலும் பிந்தைய காலையும்தான் அதைப் படைப்பாக்குகின்றன என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

முந்தைய பகலைப் பற்றி முதலில் பார்ப்போம். நற்றிணையின் 87ஆம் பாடலில் நக்கண்ணையார் ஒரு வௌவாலைக் காட்டுகிறார். ஊருக்குள் இருக்கும் மாமரத்தின் உயர்ந்த கிளையில் தொங்கியபடி உறங்கும் அந்த வௌவால், தொலைவில் அழிசி என்பவனின் பெருங்காட்டில் விளைந்த நெல்லிக்கனியைக் கனவில் சுவைக்கிறது. “நெல்லியம் புளிச்சுவைக் கனவியாஅங்கு” என்பது புலவரின் வாக்கு. தொங்குவது மாமரத்தில், கனவில் வருவது நெல்லிப் புளிப்பு. இங்கே இப்போது இருப்பதை விட்டுவிட்டு, எங்கோ என்றோ நாவில் பட்டதைக் கனவு எடுத்துக்கொள்கிறது. ஆனால் நாவில் படாத எதையும் அது எடுத்துக்கொள்வதில்லை. 1899ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த தம் கனவு நூலில், பகலின் எச்சங்களைக் கொண்டே கனவு கட்டப்படுகிறது என்று சிக்மண்ட் ஃபிராய்டு எழுதினார். கனவுகளுக்கு அவர் கொடுத்த பொருள்களில் பலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. பகலின் எச்சம் என்ற கருத்து மட்டும் நிலைத்துவிட்டது.

அதற்கு வலுவான சான்று ஒன்று 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டைச் சிலரை ஆட வைத்து, அவர்கள் கண்ணயரும் வேளையில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பலரும் கட்டங்கள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர்களில் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாத சிலரும் இருந்தனர். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆயினும் அவர்களிலும் பெரும்பாலோர் கண்களுக்கு அந்தக் கட்டங்கள் தெரிந்தன. நாம் மறந்துபோனதும் நமக்குள் எங்கோ வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

மதுரையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாளின் “வாரணமாயிரம்” பாசுரங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகமான அதில், பாட்டுக்குப் பாட்டு “கனாக்கண்டேன் தோழீ நான்” என்று முடியும். காண்பதோ யாரும் காணாத ஒரு மணம்: ஒரு மானுடப் பெண்ணுக்கும் நாரணனுக்கும் நடக்கும் திருமணம். ஆனால் அந்த மணத்தின் ஒவ்வொரு பொருளும் ஊரில் கண்ட பொருள். பொற்குடம் வைத்துத் தோரணம் நாட்டுகிறார்கள், பாளைக் கமுகு கட்டிய பந்தல் இருக்கிறது, மந்திரக் கோடி உடுத்துகிறார்கள், காப்பு நாண் கட்டுகிறார்கள், மத்தளம் கொட்டுகிறது, வரிசங்கம் ஊதுகிறது, தீவலம் வருகிறார்கள், அம்மி மிதிக்கிறார்கள், பொரி முகந்து இடுகிறார்கள். எத்தனையோ வீட்டுத் திருமணங்களைப் பார்த்து நின்ற ஒரு பெண்ணின் கண்கள் சேமித்து வைத்தவை இவை. அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பேராசை தனக்கு வேண்டியதை எடுத்துக் கட்டிக்கொள்கிறது. விழித்திருக்கும் உலகம் நடக்காது என்று சொன்ன ஒன்று கனவில் சடங்கு பிசகாமல் நடந்தேறுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் காணும் கனவுகள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை; பந்தல் திடீரென்று பள்ளிக்கூடமாகும், மணமகன் முகம் மாறும். ஆண்டாளின் கனவோ தோரணத்தில் தொடங்கி மங்கல நீராட்டில் முடிகிறது. யாப்பு தவறவில்லை, ஈற்றடி தவறவில்லை. அந்த ஒழுங்கு விழித்திருந்த கவிஞரின் உழைப்பு. கனவு தந்ததைக் கவிஞர் வாங்கி, அதற்கு இசையும் வரிசையும் கொடுத்திருக்கிறார். அதனால்தான் நூற்றாண்டுகள் கடந்து இன்றும் வைணவத் திருமணங்களில் அது பாடப்படுகிறது.

உறக்கத்தில் மூளை என்னதான் செய்கிறது? 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் சில நேரங்களில் வேகமாக அசைவதைப் பதிவு செய்தனர். அந்நிலையில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் தெளிவான கனவுகளைச் சொன்னார்கள். இந்த விரைவுக் கண்ணசைவு உறக்கத்தின்போது, திட்டமிடுவதற்கும் சரி தவறு பார்ப்பதற்கும் பயன்படும் முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருக்கின்றன. உணர்ச்சிக்குரிய பகுதிகள் விழிப்புடன் இயங்குகின்றன. கவனத்தைக் கூர்மையாக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் பகலில் ஒன்றையொன்று அண்ட விடாமல் நாம் வைத்திருக்கும் நினைவுகள் அப்போது தடையின்றிச் சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொருளற்ற சேர்க்கைகள்தாம். எப்போதாவது ஒன்று, விழித்த மனம் ஒருநாளும் அனுமதித்திராத, ஆனால் உண்மையான சேர்க்கையாக அமைந்துவிடுகிறது.

முழு உறக்கம்கூடத் தேவையில்லை, கண்ணயரும் அந்தச் சில நொடிகளே போதும் என்கிறது 2021இல் பாரிஸில் நடந்த ஓர் ஆய்வு. மறைந்திருக்கும் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தால் விரைவில் முடிந்துவிடும் கணக்குகளைக் கொடுத்து, இடையே 20 நிமிட ஓய்வும் கொடுத்தார்கள். கையில் ஒரு பொருளைப் பிடித்தபடி சாய்ந்திருக்க வேண்டும்; தூக்கம் ஆழ்ந்தால் அது கைநழுவி விழுந்து எழுப்பிவிடும். இந்த உத்தியைத் தாமஸ் எடிசன் கையாண்டதாகச் சொல்வார்கள். உறக்கத்தின் முதல் படியில் 15 நொடிகளாவது இருந்தவர்களில் 83 விழுக்காட்டினர் அந்த வழியைக் கண்டுபிடித்தனர். விழித்தே இருந்தவர்களில் 30 விழுக்காட்டினரும், ஆழ்ந்து உறங்கியவர்களில் 14 விழுக்காட்டினருமே கண்டுபிடித்தனர். இதைப் படித்தபோது எனக்குக் குயில் பாட்டின் முடிவு நினைவுக்கு வந்தது. 1904இல் சில மாதங்கள் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதியார் பின்னாளில் எழுதிய அந்தக் காவியத்தில், சோலையும் குயிலும் காதலும் மறைந்து, பழஞ்சுவடியும் எழுதுகோலும் பத்திரிகைக் கூட்டமும் பழம்பாயுமாகத் தம் வீட்டு அறை கண்ணில் படுகிறது. கண்டதெல்லாம் “மாலை அழகின் மயக்கத்தால் உள்ளத்தே தோன்றியதோர் கற்பனையின் சூழ்ச்சி” என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்தி மயக்கம், அரைத்தூக்கம், பக்கத்திலேயே எழுதுகோல்: ஆய்வுக்கூடம் நொடிக்கணக்கில் அளந்து சொன்னதைக் கவிஞர் தம் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

கனவே இல்லாமலும் ஆழ்மனம் வேலை செய்யும். பிரெஞ்சுக் கணிதமேதை ஆன்றி புவான்கரே வாரக்கணக்கில் ஒரு சிக்கலோடு போராடிவிட்டு, அதை மறந்து ஒரு பயணத்தில் இருந்தார்; வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் விடை தோன்றியது. உளவியலார் இந்த இடைக்காலத்தை அடைகாத்தல் என்கிறார்கள். மதுரைச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களை நான் நினைத்துக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளை விரல் நோகக் கட்டிவிட்டுத் துணியைச் சாயத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சாயத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. முடிச்சை அவிழ்க்கும்போதுதான் வெள்ளைப் புள்ளிகள் கோலமாகத் தெரியும். முடிச்சுப் போடாத துணியை எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் அதில் புள்ளி எழாது.

இனி, காலையைப் பற்றி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் ஓர் இரவு விழித்து, கனவில் தோன்றிய ஒன்றைத் தாளில் கிறுக்கிவிட்டு மறுபடி படுத்தார். காலையில் அந்தக் கிறுக்கலை அவராலேயே படிக்க முடியவில்லை. அந்த நாள் முழுவதும் அவர் பட்ட தவிப்பை எண்ணிப் பாருங்கள். மறு இரவு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை தாளை நம்பாமல், எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய், இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு சோதனை செய்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு தளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த நீர்மத்தை எடுத்து மற்றொன்றில் விட்டதும் அதுவும் தளர்ந்தது. நரம்புகள் வேதிப்பொருள்கள் வழியே செய்தி அனுப்புகின்றன என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கருத்து 17 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உரையாடலில் தமக்குத் தோன்றியது என்றும், பிறகு மறந்துவிட்டது என்றும் லோவியே எழுதியிருக்கிறார்.

வாலைக் கடிக்கும் பாம்பைக் கனவில் கண்டு, பென்சீன் என்ற வேதிப்பொருளின் வளைய வடிவை உணர்ந்ததாகச் சொன்ன வேதியியல் அறிஞர் கெக்குலேயின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1865இல் வெளியிட்ட கருத்தின் பின்னணியை அவர் 1890இல்தான் சொன்னார் என்பதால், அந்தக் கதையைச் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் அதே உரையில், கனவு காணக் கற்றுக்கொள்வோம் என்று சொன்னவர், விழித்த அறிவு சோதித்துப் பார்க்கும் முன் கனவுகளை வெளியிடாதிருப்போம் என்றும் சொன்னார். பலரும் முதல் பாதியை மட்டுமே எடுத்துச் சொல்கிறார்கள். கணிதமேதை இராமானுஜனைப் பற்றிப் பேசும்போதும் இதே குறைதான். நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைத் தந்ததாக அவர் மெய்யாகவே நம்பினார். படுக்கையிலிருந்து எழுந்ததும் முடிவுகளைக் குறித்துக்கொண்டு சரிபார்ப்பார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளனர். அந்தக் கனவுகளுக்கு முன்னால், பள்ளிப் பருவத்திலேயே கார் என்பவரின் தேற்றத் தொகுப்பை வரிவரியாகப் போட்டுப் பார்த்த உழைப்பு இருக்கிறது. அவர் கண்ட முடிவுகளில் பகா எண்களைப் பற்றிய சில தவறாகவும் இருந்தன. அதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. அந்த வியத்தகு மனம் எப்படி இயங்கியது என்பது நமக்குத் தெளிவாகும்.

இது மேதைகளுக்கு மட்டும் உரியதா என்று நேயர்கள் கேட்கலாம். டீர்ட்ரே பாரெட் என்ற உளவியலாளர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களுக்கு முக்கியமான ஒரு சிக்கலைப் படுக்கப் போகுமுன் நினைத்துக்கொண்டு ஒரு வாரம் உறங்கினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது கனவில் வந்தது. நான்கில் ஒருவருக்கு விடைபோன்ற ஒன்றும் கிடைத்தது. சாதாரண மாணவர்கள்தாம், சாதாரணக் கவலைகள்தாம்.

அதனால்தான் நம் பிள்ளைகளைப் பற்றி இந்த நிலையத்தின் வழியே பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். விரைவுக் கண்ணசைவு உறக்கம் இரவு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. முன்னிரவில் சில நிமிடங்களே வந்து, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகிறது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். நள்ளிரவு வரை படிக்க வைத்து, நான்கு மணிக்கு எழுப்பித் தனிப்பயிற்சிக்கு அனுப்பும்போது, நாம் வெட்டுவது இரவின் எந்தப் பகுதியையோ அன்று. படித்தவை ஒன்றோடொன்று சேரும் அந்தக் கடைசிப் பகுதியைத்தான். தேர்வு நெருங்குகிற மாதங்களிலும் பிள்ளைகளை நேரத்தோடு படுக்க விடுங்கள். தலைமாட்டில் கைபேசிக்குப் பதிலாக ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் இருக்கட்டும். காலையில் எழுந்ததும், பாடம் கேட்பதற்கு முன்னால், இரவு என்ன கனவு கண்டாய் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருந்து கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.