மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

கோட்பாட்டு இயற்பியலில் ரீநார்மலைசேஷன் குரூப் என்று ஒரு முறை இருக்கிறது. பெயரைக் கேட்டதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். அது எதற்காக வந்தது என்பதை ஒரே ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம்.

பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற வேதியியலாளர் கார்பன் டை ஆக்சைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அழுத்தத்தை ஏற்றி ஆராய்ந்தார். 1869-இல் முடிவைச் சொன்னார். சுமார் 31 டிகிரி செல்சியசுக்குக் கீழே குழாயின் அடியில் திரவம், மேலே ஆவி, நடுவில் தெளிவான கோடு. சூடு ஏற ஏறக் கோடு மங்குகிறது. 31-ஐத் தாண்டினால் கோடே இல்லை. அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் திரவம், ஆவி என்று பிரித்துப் பார்க்க முடியாது. இதுதான் மாறுநிலைப் புள்ளி. அதை நெருங்கும்போது, அதுவரை தெளிவாக இருந்த பொருள் சட்டென்று வெளுத்துக் கலங்கும். அடர்த்தி கூடிய திட்டுகளும் குறைந்த திட்டுகளும் வளர்ந்து, ஒளியின் அலைநீளத்தையே எட்டிவிடுவதுதான் காரணம். ஒரு மூலக்கூறு அந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

இப்போது எண்ணுக்கு வருவோம். மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க, திரவத்துக்கும் ஆவிக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. எந்தக் கணக்கில் குறைகிறது? வான் டெர் வால்ஸ் 1873-இல் தந்த கோட்பாட்டின்படி, புள்ளிக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கியோ அது நாலில் ஒரு பங்கானால் வித்தியாசம் பாதியாகும். அதாவது வித்தியாசம் அந்த இடைவெளியின் வர்க்கமூலம் போலக் குறைகிறது; அடுக்கு எண் அரை. அளந்து பார்த்தால் அப்படி இல்லை. வித்தியாசம் பாதியாவதற்கு அந்த இடைவெளி எட்டில் ஒரு பங்காக வேண்டியிருக்கிறது. அடுக்கு எண் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 1945-இல் குகன்ஹைம் நியான், ஆர்கான், நைட்ரஜன், மீத்தேன் என எட்டுப் பொருட்களின் அளவீடுகளை ஒரே வரைபடத்தில் போட்டார். எல்லாம் ஒரே வளைகோட்டில் போய் உட்கார்ந்தன.

வாயுக்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாங்கனீசு ஃபுளோரைடு என்று ஓர் உப்புப் படிகம். பூச்சியத்துக்குக் கீழே சுமார் 206 டிகிரியில் அதன் உள்ளே இருக்கும் காந்த ஒழுங்கு குலைகிறது. அந்த ஒழுங்கு தேய்ந்துபோகும் கணக்கை 1962-இல் அளந்தார்கள். அங்கேயும் மூன்றில் ஒன்றுதான்! ஆவிக்கும் படிகத்துக்கும் என்ன உறவு?

பழைய கோட்பாடுகள் ஏன் தோற்றன என்பது புரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. ஒரு மூலக்கூறைச் சுற்றி இருப்பதையெல்லாம் அவை சராசரியாக்கிவிடும். மாறுநிலைப் புள்ளியில் எல்லா அளவிலும் திட்டுகள் இருக்கின்றன, திட்டுக்குள் திட்டு. எந்த அளவில் நின்று சராசரி எடுப்பது?

1966-இல் லியோ கடனாஃப் ஒரு யோசனை சொன்னார். கட்டம் போட்ட காகிதத்தை மனதில் விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குட்டிக் காந்தம்: மேல்நோக்கியது கறுப்பு, கீழ்நோக்கியது வெள்ளை. ஒன்பது கட்டங்களைச் சேர்த்து ஒரே பெரிய கட்டமாக்குங்கள். எந்த நிறம் அதிகமோ அதையே அதற்குப் பூசுங்கள். பிறகு படத்தைச் சுருக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். வெப்பநிலை அதிகமாக இருந்தால், இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும்போது படம் தாறுமாறான புள்ளிகளாகிவிடும். குறைவாக இருந்தால் ஒரே நிறமாகிவிடும். சரியாக மாறுநிலையில் மட்டும், எத்தனை முறை செய்தாலும் படத்தின் சாயல் மாறாது.

இப்படிச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதுதான் ரீநார்மலைசேஷன் குரூப் முறையின் சாரம். இதை முழுக் கணக்காக்கியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் வில்சன். 1971-இல் வெளிவந்த அவருடைய இரு கட்டுரைகளில், ஒவ்வொரு சுருக்கத்திலும் படம் மட்டுமல்ல, கட்டங்களுக்கு இடையேயான விசை விதியும் எப்படி மாறுகிறது என்று பின்தொடர்ந்தார். மூலக்கூறின் வடிவம், படிகத்தின் அமைப்பு போன்ற விவரங்களின் செல்வாக்கு ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்துவிடுகிறது. எங்கே தொடங்கினாலும் விதி ஒரே இடத்தில் போய் நிலைக்கிறது. அந்த நிலைப்புள்ளியின் அருகே விதி நகரும் விதம்தான் அடுக்கு எண்ணைத் தீர்மானிக்கிறது. மிஞ்சுபவை முக்கியமாக இரண்டு: வெளியின் பரிமாணம், ஒழுங்கு எத்தனை திசைகளில் திரும்பலாம் என்பது. ஆவிக்கும் அந்தப் படிகத்துக்கும் இந்த இரண்டும் ஒன்றே.

1972-இல் வில்சனும் மைக்கேல் ஃபிஷரும் 3.99 பரிமாணத்தில் கணக்குப் போட்டார்கள். நான் உளறவில்லை, கட்டுரையின் தலைப்பிலேயே 3.99 என்று இருக்கிறது. நான்கு பரிமாணத்தில் பழைய கோட்பாட்டின் அரை சரியாகவே வருகிறது. அதிலிருந்து ஒரு பரிமாணம் இறங்கினால், முதல் திருத்தமாக ஆறில் ஒன்று கழிகிறது. அரையிலிருந்து ஆறில் ஒன்று போனால்? மூன்றில் ஒன்று! அடுத்தடுத்த திருத்தங்களையும் கவனமாகச் சேர்த்தால் 0.326 என்று வருகிறது; நுட்பமாக அளந்த மதிப்புகளுக்கு அது இன்னும் நெருக்கம்.

1982-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வில்சன் ஒருவருக்கே போனது. கார்னெலில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் மிகக் குறைவு. கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தரும் இன்றைய வழக்கத்தில் அவர் தப்பியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

துகள் இயற்பியலில் இந்தச் சிந்தனை இன்னும் பழையது. கெல்-மானும் லோவும் 1954-லேயே மின்னூட்டத்தின் வலிமை பார்க்கும் தூரத்தைப் பொறுத்து மாறும் என்று கணக்கிட்டார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஒரு வழக்கு மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. திரவ ஹீலியம் 2.17 கெல்வினில், உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மமாக மாறும். அது வேறு குடும்பம், வேறு எண்கள். பூமியில் ஈர்ப்பு விசையால் குடுவையின் அடியில் அழுத்தம் கூடிவிடுவதால், அந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே வெப்பநிலையில் நடப்பதில்லை. அதனால் 1992 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில் ஹீலியத்தை மேலே கொண்டுபோய் அதன் வெப்ப ஏற்புத்திறனை அளந்தார்கள். கிடைத்த அடுக்கு எண் மைனஸ் 0.0127. கணினிக் கணக்குகளோ மைனஸ் 0.015 என்கின்றன. 2019-இல் முற்றிலும் வேறு வழியில் போட்ட கணக்கும் கணினியின் பக்கமே நின்றது. அளவீட்டில் குறையா, அதை அலசிய விதத்தில் குறையா என்று இன்னும் தீரவில்லை. யாராவது மறுபடியும் ஹீலியத்தை விண்வெளிக்குக் கொண்டுபோய் அளந்தால்தான் தெரியும்.

வணக்கம்.