பிறையைக் கண் பார்க்கட்டும்

நடுவர் ஐயா, எதிரணி மேசையில் இருக்கிற மௌலவி அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, இடமில்லாமல் மதிலில் ஏறி இருக்கிற தம்பிமாரே, எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு இவ்வளவு பேர் கூடியிருந்து ‘வஹீக்கு, அதாவது இறைவனிடமிருந்து வந்த செய்திக்கு, விஞ்ஞானத்தின் சாட்சி தேவையா, இல்லையா’ என்று காது கொடுத்துக் கேட்பதே எனக்குப் பெரிய சந்தோசம். தேத்தண்ணி இன்னும் வரவில்லை, அது வேறு வழக்கு.

எதிரணி என்ன சொன்னது? இன்றைக்குத் தொலைநோக்கியில் பார்ப்பதை எல்லாம் குர்ஆன் 1400 வருசத்துக்கு முன்பே சொல்லிவிட்டது, ஆகவே விஞ்ஞானமே வஹீக்குச் சாட்சி என்றார்கள். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், பேச்சு அவ்வளவு அழகு. ஆனால் சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணையும் வரும் என்பதை மௌலவி மறந்துபோனார். 1948இல், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே கிடையாது, அது என்றைக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது என்று பெரிய விஞ்ஞானிகள் சிலர் ஒரு கொள்கை சொன்னார்கள். 1965இல் விண்வெளிப் பின்னணிக் கதிர்வீச்சு அகப்பட்டதும் அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. இடையில் யாராவது ஒரு வசனத்தை எடுத்து அந்தக் கொள்கையோடு முடிச்சுப் போட்டிருந்தால் பிறகு எதை அவிழ்ப்பார்? கொள்கை மாறுவது விஞ்ஞானத்தின் குணம், அதில் அதற்கு வெட்கமே இல்லை. நாம்தான் நடுவில் நின்று முழிப்போம்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 632இல் மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் சின்ன மகன் இப்ராஹீம் மௌத்தாகிறார், பால்குடி வயதுப் பிள்ளை. அதே நாள் சூரிய கிரகணம். ஊர் சும்மா இருக்குமா, பிள்ளை போன துக்கத்தில்தான் சூரியனே இருண்டது என்று பேச ஆரம்பித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், எதிரணி இன்றைக்குத் தேடித் தேடி அலைகிற சாட்சி அன்றைக்கு வானத்திலிருந்து தானாக வந்து வாசலில் நிற்கிறது. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்களா? சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, கிரகணத்தைக் கண்டால் தொழுங்கள் என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், அந்த நாளிலேயே சொன்ன சொல் இது.

ஏறத்தாழ ஐந்நூறு வருசம் கழித்து இமாம் கஸ்ஸாலி இதே கிரகணத்தை எடுக்கிறார். 1111இல் காலமானவர், தத்துவவாதிகளோடு கடுமையாக மல்லுக்கட்டியவர். அப்படிப்பட்டவரே, கிரகணம் எப்படி வருகிறது என்பது கணக்காலும் கேத்திரகணிதத்தாலும் நிரூபணமான விசயம், அதை மார்க்கத்தின் பெயரால் மறுக்கப் போகிறவர் மார்க்கத்துக்குத்தான் கேடு செய்கிறார் என்று எழுதி வைத்தார். எதிரியால் வருகிற கேட்டை விட இப்படிப்பட்ட அனுதாபிகளால் வருவது அதிகம் என்ற பொருளிலும் சொல்கிறார். மௌலவி என்னை மன்னிக்க வேண்டும்.

அடுத்தது ஈச்சமரம். பனை பார்த்து வளர்ந்த நமக்கு இது லேசாக விளங்கும். ஆண் பனையில் பாளை வரும், நுங்கு வராது என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். பேரீச்சையிலும் ஆண், பெண் மரம் வேறு. மதீனாவில் ஆண் பூவை எடுத்துப் பெண் மரத்தின் பாளைக்குள் செருகிக் காய்க்க வைப்பது வழக்கம். அதைக் கண்ட நபி (ஸல்) இதனால் பலன் இருக்கும் என்று நினைக்கவில்லை என்கிற மாதிரிச் சொல்ல, ஆட்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்புறம் நபியே சொன்னார்கள்: அது நான் நினைத்துச் சொன்னது, அல்லாஹ்விடமிருந்து அறிவித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்றாக அறிந்தவர்கள். இது ஸஹீஹ் முஸ்லிம் என்கிற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஹதீஸ் தொகுத்தவர்கள் இதை மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

அப்படியென்றால் வஹீயை ஒரு பெட்டியிலும் கண்டறிவை இன்னொரு பெட்டியிலும் போட்டுப் பூட்டுகிறீர்களா என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பூட்டவில்லை. 1142இல் காலமான இமாம் நஸஃபீ, மனிதருக்கு அறிவு வருகிற வழி மூன்று என்கிறார்: குறையில்லாத புலன்கள், உண்மையான செய்தி, புத்தி. நல்லூர்ப் பக்கமிருந்து வந்திருக்கிற ஐயாமாருக்கு இது பழகிய பாட்டு, சைவ சித்தாந்தத்தில் காண்டல், கருதல், உரை, அதாவது கண்ணால் காண்பது, யோசித்து அறிவது, நம்பத்தக்க வாக்கு என்று படித்திருப்பீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, உரை எது என்பதில் நாம் வேறுபடுகிறோம். ஆனால் உரை இருக்கிறதென்று இரண்டு வீட்டிலும் யாரும் கண்ணைக் குத்திக்கொள்ளவில்லை.

கண்ணென்றதும் பிறை. எங்கள் சின்ன வயதில் ஒரு தரம் நோன்பு இருபத்தொன்பது. பொழுது பட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் ஒரு பெடியன் ஓடிவந்து பிறை கண்டேன் என்றான். நாளைக்குப் பெருநாள் என்று நாங்கள் துள்ளுகிறோம். பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஒரு பெரியவர் அவனை உட்கார வைத்து, எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கொம்பு மேலேயா கீழேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொம்பு கீழே, குடை மாதிரி என்றான். பெரியவர் சிரித்தார். “மகன், சூரியன் இப்பத்தான் கீழே இறங்கிச்சு. வெளிச்சம் கீழே இருந்து பட்டா எந்தப் பக்கம் மினுங்கும்?” பெடியன் தலையைச் சொறிந்தான். முப்பதாவது நோன்பையும் பிடித்தோம். பிறை கண்டு நோன்பு பிடியுங்கள், பிறை கண்டு நோன்பை விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாக்குங்கள் என்பது உரை. கொம்பு மேலேயா கீழேயா என்பதை உரை சொல்லவில்லை. பார்த்தவனை விசாரித்துத்தான் அறிய வேண்டும். (கணிப்பா பார்வையா என்ற சண்டையை இங்கே இழுக்காதீர்கள், விடிந்துவிடும்.)

கடைசியாக ஒன்று. 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை இந்தத் தெருவை விட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில், அக்கம்பக்கம் எல்லாம் எங்களைப் போலவே வந்த சனம். முதல் நாள் தொழ நின்றபோது கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழுகிற திசை, எந்தப் பக்கம் என்று பேச்சு வந்தது. பொழுது படுகிற பக்கம் என்றார் ஒருவர். வாப்பா தையல்காரர், அளவில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஐப்பசிப் பொழுது நேர்மேற்கில் விழாது, தெற்கே சாய்ந்து விழும், கிப்லா மேற்கிலிருந்து வடக்கே என்றார். மறுநாள் நிலத்தைச் சமன்படுத்தி ஒரு கம்பை நட்டார், தையல் நூலைக் கட்டி அதைச் சுற்றி வட்டம் போட்டார். காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழைந்த இடத்தில் ஒரு கல், பின்னேரம் வெளியேறிய இடத்தில் ஒரு கல். இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. கோயில் கட்டுகிறவர்கள் சங்கு என்கிற முளைக்குச்சியை நட்டுத் திசை பார்ப்பதும் இதே முறை, பழைய அரபு வானியலாளர்கள் இதற்கு ‘இந்திய வட்டம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அப்புறம் வாப்பா மேற்கைப் பார்த்துக் கையை நீட்டி, விரலை விரித்து, வடக்கே ஒரு சாண் தள்ளிப் பாயைப் போட்டார். மக்காவின் புனிதப் பள்ளிவாசலின் பக்கம் முகத்தைத் திருப்புங்கள் என்று குர்ஆன் சொல்கிறது. அந்தக் கொட்டிலில் அது எந்தப் பக்கம் என்று கம்பும் நூலும்தான் சொல்லின.

சில மாதம் போக ஒருவர் திசைகாட்டி கொண்டுவந்து வைத்தார். கிப்லா 294 பாகைக்குக் கிட்ட, வாப்பாவின் பாய் கொஞ்சம் விலகி இருந்தது. குனிந்து பார்த்தார், “சரி” என்றார், பாயை நாலு விரல் திருப்பிப் போட்டார். அஸர் தொழுகைக்கு எல்லாரும் அந்தப் பக்கமே நின்றோம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா, இறங்குகிறேன்.