காதா, கர்வமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'கலப்பிசையை ரசிகர்கள் ஒதுக்குவது ரசனையாலா, கர்வத்தாலா?' என்ற தலைப்பில், கர்வத்தால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "எதையும் எதோடும் கலந்தால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது, தனக்கு எது பிடிக்காது என்று தெரிந்தவன்தான் ரசிகன்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முதலில் கேட்க வேண்டுமே ஐயா!

1966 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில், நாட்டுப்புறப் பாட்டால் பேர் வாங்கிய அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் கச்சேரி. முதல் பாதியில் சாதாரண கிதாரும் மவுத் ஆர்கனுமாகத் தனியாக நின்று பாடுகிறார். அரங்கம் பயபக்தியோடு கேட்கிறது. இடைவேளை முடிந்ததும் மின்கிதார், டிரம்ஸ், குழு என்று வந்து நிற்கிறார். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒரு பகுதி வேண்டுமென்றே மெதுவாகக் கைதட்டி இடைஞ்சல் செய்கிறது. ஒருவர், இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரைச் சொல்லி, "யூதாஸ்!" என்று கத்துகிறார். பாடுவது அதே ஆள். பாடியதில் அவருடைய பழைய பாட்டுகளும் உண்டு. அவர் மின்கிதாருக்கு மாறி ஒரு வருஷத்துக்கு மேலாகி, இசைத்தட்டுகளும் வந்துவிட்டன. தெரிந்தே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து திட்டிய கூட்டம் அது. யூதாஸ் என்ற சொல்லில் சுருதி எங்கே இருக்கிறது, தாளம் எங்கே இருக்கிறது நடுவர் அவர்களே? 'எங்கள் ஆளாக இருந்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாயே' என்ற கோபம் மட்டும்தான் இருக்கிறது.

"ஒவ்வொரு இசைக்கும் ஓர் எல்லை உண்டு, அதைக் காப்பது ரசிகனின் கடமை" என்றும் நண்பர் சொன்னார். சரி, அந்த எல்லைக் கல்லை நட்டது யார்? 1920களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தென் மாநிலப் பாடகர்களைப் பதிவு செய்தன. கறுப்பினத்தவர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள்; வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி', அதாவது பட்டிக்காட்டான் பாட்டு என்று தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றன. இரண்டு பக்கமும் ஒரே மெட்டுகள் புழங்கின. ஹில்பில்லிக்காரர்கள் மீட்டிய பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமே ஆப்பிரிக்க அடிமைகளின் கைவழி வந்தது. வியாபாரி சரக்கு விற்கப் போட்ட கோடு அது. அந்த ஹில்பில்லிதான் பிற்பாடு 'கண்ட்ரி' என்ற இசை வகை ஆனது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2018 கடைசியில் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கண்ட்ரியையும் ராப்பையும் கலந்து ஒரு பாட்டு போட்டார். 'இன்றைய கண்ட்ரியின் கூறுகள் போதவில்லை' என்று சொல்லி, பாட்டுகளுக்குத் தரவரிசை போடும் பில்போர்டு பத்திரிகை 2019-இல் அதைக் கண்ட்ரி பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது, அது வேறு கதை.

இன்னொன்று. 1979 ஜூலை 12, சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானம். டிஸ்கோ என்ற நடன இசை பிடிக்காத ராக் ரசிகர்கள், கொண்டுவந்த இசைத்தட்டுகளைப் பெட்டியில் போட்டு வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அங்கே வேலை பார்த்த ஒரு கறுப்பின இளைஞர் பிற்பாடு ஒன்றைச் சொன்னார்: வந்து விழுந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்தனவாம். ஒரு பாட்டைக் கேட்டுப் பிடிக்காமல் போனவர் உறையில் இருக்கும் முகத்தைப் பார்த்தா பெட்டியில் போடுவார்?

"நான் எல்லாப் பாட்டும் கேட்பேன், எனக்கு அந்தக் கர்வம் இல்லை" என்று இந்த அவையில் பாதிப் பேர் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகவே பெத்தனி பிரைசன் என்ற சமூகவியலாளர் 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார். அமெரிக்காவில் படிப்பு ஏற ஏற, வெறுக்கும் இசை வகைகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆகா என்கிறீர்களா? பொறுங்கள். அப்படிப் பரந்த மனசுக்காரர்கள் மிச்சம் வைத்து வெறுத்தவை ராப், காது அதிரும் ராக் வகையான ஹெவி மெட்டல், கண்ட்ரி, கறுப்பினத் தேவாலயப் பாட்டு வழி வந்த காஸ்பல். குறைவாகப் படித்தவர்கள் விரும்பிக் கேட்கும் வகைகளாகப் பார்த்து அவை நான்கும் அமைந்துபோயின! இதற்கும் ரசனை என்றுதான் பெயரா?

அப்படியானால் எந்தக் கலப்பையும் குறை சொல்லவே கூடாதா என்று எதிரணி கேட்கும். தாராளமாகச் சொல்லுங்கள், காதால் கேட்டுச் சொல்லுங்கள். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தைத் தடை செய்திருந்தது. கட்டைகளில் ஸ்வரங்கள் தனித்தனியாக நிற்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, ஸ்வரத்தை அசைத்து நெளிக்கும் கமகம் வராது என்றார்கள். முப்பது வருஷத் தடை அநியாயம் என்பேன். ஆனாலும் அந்தக் குறை காதிலிருந்து பிறந்தது, உட்கார்ந்து வாதாடலாம். 'வெளிநாட்டு வாத்தியம்' என்று சிலர் சொன்னார்களே, அதோடு என்ன வாதாடுவது? வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்தது, விரல் வழுக்குவதற்குத் தோதாக இருந்ததால் தங்கிவிட்டது. இன்று சாக்ஸபோனைப் பார்த்து முகம் சுளிக்கும் கர்நாடக இசை ரசிகர், பக்கத்தில் வயலின் இல்லை என்றால் கச்சேரி களைகட்டவில்லை என்கிறார். கத்ரி கோபால்நாத் கமகத்துக்காக அந்த சாக்ஸபோனிலேயே மாற்றங்கள் செய்துகொண்டு வாசித்தாரே, அதையாவது கேட்டுவிட்டுச் சுளிக்கலாம்.

அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமக்குப் பிடிக்காத கலப்பிசைப் பாட்டு ஒன்றை அவரே எடுத்துக்கொள்ளட்டும். பாடியவர் யார், அதைக் கேட்கிறவர்கள் யார், எந்த வகையிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை பேசாமல், எந்த இடத்தில் அது காதில் இடிக்கிறது என்று மட்டும் சொல்லட்டும். சொல்லிவிட்டால், அந்தப் பாட்டைப் பொறுத்தவரை நான் தோற்றேன் என்று நடுவர் எழுதிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.