ஸ்நாக்ஸ் டப்பாவை பூட்டுனேன் சரி, பையன் வட்டல்ல மிச்சம் இருந்த தோசையை யாரு பூட்டறது?

வணக்கம் மக்களே, இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் போடலைங்க, எடிட் பண்ற பொறுமை இல்ல. நேத்து ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு எங்க கிச்சன்ல ஒரு விஷயம் நடந்துச்சு, அந்த சந்தோஷத்துல எனக்கு ரொம்ப நேரம் தூக்கமே வரல. சொல்றேன் இருங்க. அதுக்கு முன்னாடி அந்த டப்பா கதையை முடிச்சிடறேன், போன வீடியோல காட்டுனதுல இருந்து எல்லாரும் லிங்க் கேட்டுட்டே இருக்கீங்க.

லிங்க் தர மாட்டேன். வாங்காதீங்க. 1,349 ரூபாய்ங்க! ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேல மூடில டைமர் இருக்கற பூட்டு, நாம செட் பண்ற நேரம் முடியற வரைக்கும் திறக்காது, அவ்வளவுதான். வந்த அன்னைக்கு ஆசையா பிரிச்சா பேட்டரி இல்ல. ரெண்டு சின்ன பேட்டரி போடணும், ட்ரிபிள் ஏ, எங்க வீட்ல இருக்கறது எல்லாம் கடிகாரத்துக்கு போடற பெரிய சைஸ், மழைல குடையை புடிச்சுட்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன். சரி போகட்டும்னு முறுக்கு, மிக்சர், பையனோட பிஸ்கட் எல்லாம் உள்ள வச்சு பூட்டுனா, பத்து மணி நேரம்னு நான் நினைச்சு அமுக்குனது பதினாறு மணி நேரமா விழுந்திருக்கு. காலைல பையன் ஸ்கூலுக்கு கிளம்பறான், ஸ்நாக்ஸ் உள்ள மாட்டிக்கிச்சு, டைமரை குறைக்கவும் முடியல, அவசரத்துக்கு திறக்க ஒரு வழியும் இல்ல. அவன் அழுதுட்டே ரெண்டு வாழைப்பழம் கொண்டு போனான். எனக்கு வந்த கோபம் இருக்கே! ஒரு தாய் வீட்ல யூஸ் பண்ற பொருளை இப்படியா செய்வாங்க?

ஆனா டப்பா மேல என் உண்மையான வருத்தம் அது இல்லைங்க.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக்கூடாது, 48 நாள், ஒரு மண்டலம், இதுதான் நம்ம சேலஞ்ச். முதல் தடவை ஒன்பதாம் நாள் உடைஞ்சுது, ரெண்டாவது தடவை பதினொண்ணு. இது மூணாவது. ரெண்டு தடவையும் நான் நேர்மையா வந்து சொன்னேன், அப்ப கமெண்ட்ல பாதி பேர் "அக்கா உங்களுக்கு வில்பவர் பத்தல"ன்னு போட்டீங்க. நானும் அதை நம்பிட்டேன், நம்பித்தான் டப்பா வாங்குனேன்.

போன வாரம் தோசை ரீல் ஒண்ணு எடுக்கறதுக்காக கிச்சன்ல ட்ரைபாட் வச்சிருந்தேன். தோசை முடிஞ்சும் கேமரா ஓடிட்டே இருந்திருக்கு, ஆஃப் பண்ண மறந்துட்டேன். மறுநாள் எடிட்டுக்கு உக்காந்து பாத்தா, நான் போன்ல தங்கச்சி கிட்ட பேசிட்டே சிங்க் பக்கம் நிக்கறேன், பையன் வட்டல்ல அரை தோசை மிச்சம் இருக்கு, என் கை அதை எடுத்து மடிச்சு வாய்ல வைக்குது. பேச்சு நிக்கவே இல்ல. அப்புறம் போசி அடியில இருந்த அரிசிம்பருப்பு சாதம் ஒரு கரண்டி, அதுவும் உள்ள போகுது. மணி ஒன்பது இருபது. சத்தியமா சொல்றேன், எனக்கு அது ஞாபகமே இல்லைங்க. அன்னைக்கு ராத்திரி "இன்னைக்கும் ஜெயிச்சுட்டேன்"னு நோட்ல டிக் வேற போட்டிருக்கேன்.

உடனே பழைய ஃபுட்டேஜ் எல்லாம் தோண்டுனேன். கிச்சன்ல ராத்திரி எடுத்த கிளிப் பதினாலு இருந்துச்சு. பதினாலுல ஒண்ணுல கூட நான் முறுக்கு திங்கல. எல்லாமே மிச்சம். பையன் வச்ச மிச்சம், அவர் வச்ச மிச்சம், குக்கர் ஓரத்துல ஒட்டுனது. அப்ப நான் 1,349 ரூபாய் குடுத்து பூட்டுனது, நான் தொடவே தொடாத ஒரு பொருளை!

அதுல பசியே இல்ல. பசி இருந்தாத்தானே அடக்கறதுக்கு வில்பவர் வேணும்? உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை உக்காந்துட்டு இருக்கு, "சோறு வீணாப் போகக்கூடாது, போனா பாவம், அது போக வேண்டிய இடம் அம்மா வயிறு". இதை நான் என்னைக்கும் வார்த்தையா நினைச்சதில்ல. ஆனா கைக்கு தெரிஞ்சிருக்கு.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சா நேரா எங்க அம்மிச்சி, அதான் அம்மாவோட அம்மா, அவங்ககிட்ட போய் நிக்குது. அம்மிச்சி மில் தொழிலாளி வீட்டுப் பொண்டாட்டி, இதே கோயம்புத்தூர்தான். அறுபதுகள்ல அரிசிப் பஞ்சம். 1965ல பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்துல ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கன்னு நாட்டு மக்களையே கேட்டாரு, திங்கக்கிழமை ராத்திரி ஹோட்டல்கள்ல கூட அடுப்பு அணைஞ்ச காலம். 1967 தேர்தல்ல "மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"னு சொல்லி அண்ணா ஜெயிச்சாரு, அந்த ரூபாய்க்கு ஒரு படி அரிசி திட்டம் முதல்ல வந்ததே மெட்ராஸ்லயும் நம்ம கோயம்புத்தூர்லயும்தான். அந்த வரிசைல பையோட நின்னவங்க எங்க அம்மிச்சி. அவங்க "வட்டல்ல ஒரு பருக்கை வைக்காத கண்ணு"ன்னு சொன்னா அது ஒழுக்கப் பாடம் இல்லைங்க, உசிரு பொழைக்கற வழி. அதை அம்மா வாங்கிக்கிட்டாங்க, அம்மாகிட்ட இருந்து நான். பஞ்சம் போயாச்சு, கட்டளை மட்டும் போகல.

அமெரிக்கால ராச்செஸ்டர் யுனிவர்சிட்டில ஒரு சோதனை பண்ணாங்க, 2013ல வெளிவந்துச்சு, செலஸ்ட் கிட்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க டீமும். மார்ஷ்மெல்லோ டெஸ்ட் கேள்விப்பட்டிருப்பீங்க, குழந்தை முன்னாடி ஒரு மிட்டாய் வச்சு, திங்காம காத்திருந்தா ரெண்டு தரேன்னு சொல்றது, காத்திருந்தா மன உறுதி உள்ள புள்ளைன்னு பேரு. இவங்க என்ன பண்ணாங்கன்னா, அதுக்கு முன்னாடியே பாதி குழந்தைங்ககிட்ட "நல்ல க்ரேயான் கொண்டு வரேன்"னு சொல்லிட்டு கொண்டு வரல, மீதி பாதிக்கு சொன்னபடி கொண்டு வந்தாங்க. அப்புறம் மிட்டாய். ஏமாந்த குழந்தைங்க சராசரியா மூணு நிமிஷம்தான் காத்திருந்தாங்க, வாக்கு காப்பாத்தப்பட்டவங்க பன்னெண்டு நிமிஷம். மொத்தம் 28 குழந்தைங்கதான், சின்ன சோதனை, ஆனா எனக்கு அம்மிச்சி ஞாபகம்தான் வந்துச்சு. நாளைக்கு கடைல அரிசி இருக்கும்னு நம்ப முடியாதவங்க எதுக்கு காத்திருப்பாங்க? இன்னைக்கு இருக்கறதை இன்னைக்கே சாப்பிடறது புத்திசாலித்தனம்.

ஆ, ஒண்ணு விட்டுட்டேன், வில்பவர் பத்தி சொல்ல வந்தேன்ல. வில்பவர்ங்கறது பேட்டரி மாதிரி, யூஸ் பண்ணா தீந்துரும்னு நிறைய பேர் வீடியோ போடறாங்க, எனக்கு அதைப் பாத்தா எரிச்சலா வருதுங்க. அது 1998ல பாமைஸ்டர்ங்கறவர் டீம் வெளியிட்ட ஆராய்ச்சில இருந்து வந்தது. பசியோட வந்த ஸ்டூடண்ட்ஸை சாக்லேட் குக்கீஸ் வாசனை அடிக்கற ரூம்ல உக்கார வச்சு, கொஞ்சம் பேரை வெறும் முள்ளங்கி மட்டும் திங்க சொன்னாங்க. அப்புறம் தீர்க்கவே முடியாத புதிர் குடுத்தா, முள்ளங்கி பார்ட்டி எட்டு நிமிஷத்துல விட்டுட்டாங்க, குக்கீஸ் தின்னவங்க பத்தொன்பது நிமிஷம் போராடுனாங்க. ஆனா 2016ல 23 லேப் சேந்து ரெண்டாயிரத்துக்கு மேல ஆளுங்களை வச்சு இந்த தீந்து போற கணக்கை வேற ஒரு டெஸ்ட்ல பாத்தப்ப, கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடைக்கல. இதை யாரும் வீடியோல சொல்றதில்ல.

அதை விட எனக்கு புடிச்சது வெரோனிகா ஜாப்னு ஒருத்தங்களோட வேலை. வில்பவர் தீந்து போகும்னு நம்பறவங்களுக்குத்தான் அது தீருது, நம்பாதவங்களுக்கு அப்படி ஆகலன்னு 2010லயே அவங்க டீம் காட்டுனாங்க. அப்புறம் 2017ல அவங்களும் கிருஷ்ணா சவானியும் இந்தியர்களை வச்சு பாத்தா, இங்க தலைகீழ்! முதல்ல கஷ்டமான வேலை செஞ்சவங்க அடுத்த வேலையை இன்னும் நல்லா செஞ்சிருக்காங்க, ஏன்னா மனசை அடக்கி ஒரு காரியம் செஞ்சா தெம்பு கூடும்னு நம்ம ஆளுங்க நம்பறாங்க.

படிச்சதும் எங்க அம்மாதான் கண்ணு முன்னாடி வந்தாங்க. கந்த சஷ்டிக்கு ஆறு நாள், பாலும் பழமும் மட்டும், கடைசி நாள் மருதமலை படி ஏறுவாங்க, முகத்துல ஒரு வாட்டம் இருக்காது. அதே அம்மாவுக்கு டாக்டர் சுகருக்காக ராத்திரி சோறு வேண்டாம்னு சொன்னா மூணு நாள் தாங்காது. சட்டில மிச்சம் இருந்தா கை போயிரும். இவங்களுக்கு வில்பவர் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க! விரதத்துல நம்பிக்கை கூட நிக்குது, டயட்ல எதுக்க நிக்குது.

சரி, நான் என்ன பண்ணேன். முதல்ல வீம்பா, "வீணாப் போனா என்ன"ன்னு அரை தோசையை குப்பைல போட்டேன். வயிறு பிசைஞ்சுது மக்களே. யாரையோ அடிச்ச மாதிரி இருந்துச்சு. பதினோரு மணிக்கு எந்திரிச்சு ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன், அதுவும் பசியில்லாமதான். அப்பதான் புரிஞ்சுது, அம்மிச்சி வார்த்தையோட சண்டை போட்டு நான் ஜெயிக்க மாட்டேன், ஜெயிக்கணும்னு ஆசையும் இல்ல. அந்த வார்த்தை தப்பே இல்லைங்களே. வீணாகக்கூடாதுங்கறது சரி, அதுக்கு என் வயிறு எதுக்கு?

அதனால பையனுக்கு முழு தோசை வைக்கறதை நிறுத்திட்டேன், பாதி பாதியா வைக்கறேன், வேணும்னா கேட்டு வாங்கிக்கறான். வெறும் சோறு மிஞ்சுனா உடனே தண்ணி ஊத்திடறேன், காலைல மோர் விட்டு சின்ன வெங்காயத்தோட பழைய சோறு, எனக்கு அதை விட புடிச்ச சாப்பாடு கிடையாது, ஓட்ஸ் எல்லாம் பக்கத்துலயே வர முடியாது. தோசை மிஞ்சுனா ஒரு எவர்சில்வர் டப்பால போட்டு வெளிய திண்ணைல வச்சிடறேன், காலைல தெருவுல நம்ம கருப்பன் வருவான், பழைய வீடியோல பாத்திருப்பீங்க, காது மடங்குன நாய்.

இப்ப நேத்து. ஒன்பதே முக்கால், பையன் வட்டல்ல கால் தோசை. கை போச்சு. பாதில நின்னுச்சு! நான் நிறுத்தல, அதுவா நின்னுச்சு, "இது கருப்பனுக்கு"ன்னு மனசுக்குள்ள வந்துச்சு, எடுத்து டப்பால போட்டு மூடிட்டேன். பல்லைக் கடிக்கல, ஒண்ணு ரெண்டு எண்ணல. கால் தோசைதானேன்னு நினைக்காதீங்க, மூணு தடவை சேலஞ்ச் பண்ணி இப்படி ஒரு நொடி எனக்கு வந்ததே இல்ல. காலைல அவன் அந்த தோசையை திங்கறதை வீடியோ எடுத்து வச்சிருக்கேன், கடைசில போடறேன்.

ஆமா, டிக் போட்ட நோட் விஷயம். அந்த பொய் டிக் எல்லாத்தையும் அடிச்சுட்டேன். ஒண்ணாம் நாள் நேத்துல இருந்துதான்.

ஞாயித்துக்கிழமை அம்மா வராங்க. வழக்கம் போல எல்லாரும் சாப்பிட்ட அப்புறம் கடைசில சட்டியை வழிச்சு சாப்பிடத்தான் பாப்பாங்க. முதல் தோசை, கல்லுல இருந்து எடுத்த சூட்டோட, அவங்க வட்டல்ல வைக்கப் போறேன். உக்காருவாங்களான்னு தெரியல. அதை வீடியோ எடுக்க மாட்டேன், வந்து சொல்றேன். குக்கர் விசில் வந்துருச்சு, வரேங்க.