கிரீஸ் பட்ட கையும் கணக்குத்தான் போடுகிறது

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, சற்றுமுன் எங்களைக் 'கராஜ் கோஷ்டி' என்று திட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்கு இந்தக் குளிரிலும் வந்திருக்கும் ஹட்டன் மக்களே, வணக்கம்.

மலையகத்துப் பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் தருவது கணினித் துறையா, இயந்திரப் பொறியியலா? இதுதான் தலைப்பு. நான் இயந்திரத்தின் பக்கம். எதிரணித் தலைவர் மூன்று குறை சொன்னார். சம்பளம் குறைவு, கை அழுக்காகும், பெண் பிள்ளைகளுக்குச் சரிவராது. மூன்றாவதற்கு நானே பதில். நானும் ஒரு பராமரிப்புப் பொறியியலாளர்தான், வேலை முடித்து நேரே இங்கே வருகிறேன். இரண்டாவதற்குக் கடையில் சோப் விற்கிறார்கள். சம்பளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பேனரைப் பிடித்து நட்டு முடுக்குவதுதான் எங்கள் தொழில் என்று நண்பர் நினைக்கிறார் போலிருக்கிறது. அதை எங்களைவிட நன்றாகச் செய்யும் அண்ணன்மார் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இருக்கிறார்கள். பழுது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நமக்குத் தெரிந்த தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் தூளில் சுவை மங்கிப்போகிறது, அவிந்த வாடை வருகிறது. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் விறகை ஏசுகிறார், ஈர விறகு என்கிறார். விறகு போடுகிற தம்பி கொழுந்தை ஏசுகிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பொறியியலாளர் வந்து, சூடான காற்றில் இலையை உலர்த்தும் ட்ரையரில் இரண்டு இடத்தில் சூட்டைப் பார்க்கிறார். உள்ளே போகும் காற்று 95 பாகை, சரி. வெளியே வரும் காற்று 50 பாகைக்கும் மேலே இருக்க வேண்டும், 43 பாகையில் நிற்கிறது. உள்ளே போகும் சூடு சரியென்றால் விறகைக் குற்றம் சொல்ல முடியாது. கொழுந்தின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வெளியேறப் போதிய காற்று வரவில்லை, அதனால் இலை தன் ஆவியிலேயே வேகிறது. காற்றைத் தள்ளுவது விசிறி. விசிறியைச் சுற்றுவது பெல்ட். போய்த் தொட்டுப் பார்த்தால் பெல்ட் தளர்ந்து, பளபளவென்று தேய்ந்து, கப்பியில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. மாற்றினால் மறுநாள் தூள் சரி. உயர்தரத்தில் படித்த வெப்பக் கணக்குக்கும் ஒரு ரப்பர் பெல்ட்டுக்கும் நடுவில் ஓடுவதுதான் எங்கள் வேலை. அழுக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இன்னும் கொஞ்சம் மேலே போவோம். லக்சபான நீர்மின் நிலையத்தில் 400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து தண்ணீர் குழாயில் இறங்குகிறது. பத்து மீற்றர் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடும். அப்படியென்றால் கீழே 40 பாருக்கு மேல், கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இருபது மடங்கு. அந்தத் தாரை, மின்சாரத்துக்காகச் சுழலும் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் வந்து மோதுகிறது. தண்ணீரோடு வரும் மணல் உலோகத்தை அரிக்கும், கிண்ணத்தின் அடியில் மயிர்க்கோடாக வெடிப்பு விழலாம். நிற மை பூசி, துடைத்து, எந்தக் கோட்டில் மை ஊறி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கோடு ஒருவர் கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்று எதிரணியினர் யோசிக்கட்டும். நம் தலவாக்கலையில் மறித்த தண்ணீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் போய் மேல் கொத்மலை மின் நிலையத்தின் 150 மெகாவாட்டைத் தருகிறது. எதிரணியின் லேப்டாப்பும் அங்கேதான் சார்ஜ் ஏறுகிறது!

"மூன்று மாதத்தில் ஒரு ஆப் செய்துவிடுவோம்" என்றார் ஒரு நண்பர். செய்யுங்கள், வாழ்த்துக்கள். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் லக்சபான நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதிக் காட்டினார். அந்த நிலையம் இயங்கியது 1950இல். எங்கள் துறையில் அவசரப்படுகிறவன் நிலைப்பதில்லை.

சரி, சம்பளம். மறைக்க மாட்டேன். முதல் சில வருடம் கணினிக்காரர்கள் எங்களை முந்துவார்கள். இரவு இரண்டு மணிக்கு போன் வரும், பாய்லர் நின்றுவிட்டது என்பார்கள். தீபாவளியிலும் போயிருக்கிறேன், அம்மாவிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆனால் வேலை செய்யும் இடம் எத்தனை வகை என்று பாருங்கள். ஆடைத் தொழிற்சாலையின் நீராவி, ஹோட்டலின் குளிரூட்டல், ஆஸ்பத்திரியின் லிப்ட், பதுளை ரயிலின் பிரேக். நாலைந்து வருடம் இதில் நின்று பட்டயப் பொறியியலாளர் ஆகிவிட்டால், இங்கேயும் வளைகுடாவிலும் நம்மைத் தேடி வருவார்கள்.

இங்கேதான் எனக்கு எதிரணியோடு உண்மையான கோபம். "ஆறு மாதக் கோர்ஸ் போதும், உயர்தரக் கணிதப் பிரிவில் எதற்குத் தலையைக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். நான் படித்த பாடசாலையில் கணிதப் பிரிவே இல்லை, பக்கத்து நகரத்துக்கு பஸ் ஏறினேன். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென 5 சதவீதம் தனியாக இருக்கிறது, நுவரெலியாவும் பதுளையும் அதில் அடக்கம். பேராதனை பொறியியல் பீடம் நம் மலை அடிவாரத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் உயர் தேசிய டிப்ளோமா வழியாகவும் மேலே வரலாம். கதவு இருக்கும்போது "அந்தப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளிடம் சொல்வது என்ன நியாயம்? 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலம் தொட்டு நம் ஆட்கள் கொழுந்து உருட்டும் உருளையிலும் ட்ரையரிலும் நின்றார்கள். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காது என் அப்பாவுக்கு உண்டு. அதன் வரைபடம் அவர் கைக்கு வந்ததே இல்லை. அது என் மேசையில் இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். உருட்டிய கொழுந்து ட்ரையருக்காகக் காத்திருக்கிறது, ட்ரையர் நிற்கிறது, கொழும்பிலிருந்து ஆள் வரும்போது விடிந்துவிடும். அதுவரை அந்தக் கொழுந்தை எந்த ஆப்பில் போட்டு வைப்பீர்கள்?

நன்றி, வணக்கம்.